டாங்கிக்குக் கதவு வைக்கும் வேலை

எங்கள் பட்டறைக்குப் போர்முனையிலிருந்து திரும்பி வரும் டாங்கிகள், உள்ளே இருந்த ஆட்களோடுதான் வரும். ரயிலிலிருந்து இறக்கும்போதே உள்ளே இருமல் சத்தம் கேட்கும். சிலர் இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்பார்கள். கிழமையைச் சொல்லிவிட்டு நாங்கள் வேலையைப் பார்ப்போம்.

ஒரு டாங்கி அடிபட்டால் அது அழிந்தது என்று முனையிலேயே எழுதிவிடுவார்கள். வண்டி அழிந்தால் அதில் இருந்தவர்களும் இறந்தவர்கள். பிறகு யாராவது வந்து தட்டிப் பார்த்து, இஞ்சின் ஓடும், சக்கரங்களைச் சுற்றிய செயின் உருளும் என்று தெரிந்தால் வண்டியை மட்டும் திருத்தி எழுதுவார்கள். ஆட்களைத் திருத்த அந்தப் படிவத்தில் இடம் கிடையாது. அதனால் அவர்கள் இறந்தபடியே உட்கார்ந்து வருவார்கள். பெரும்பாலும் நல்ல மாதிரி. தண்ணீர் கேட்பார்கள், அதற்கு மேல் ஒரு தொந்தரவும் இல்லை.

பீரங்கி பொருத்திய மேல்பகுதியை நாங்கள் தலை என்போம். தலையை அறுத்துக் கிரேனால் தூக்கிப் போட்டுவிட்டு, மிச்சமிருக்கும் உடம்பை இரண்டில் ஒன்றாக மாற்ற வேண்டும். உள்ளே பெஞ்சு போட்டு, பின்னால் கதவு வைத்தால் அது ஆள் வண்டி. வட்ட வட்டமாகத் துளையிட்ட சட்டங்களை நிறுத்தினால் அது குண்டு வண்டி. குண்டு வண்டிக்குக் கதவு கிடையாது. மேலே ஒரு மூடி இருக்கும், அவ்வளவுதான்.

உள்ளே இருப்பவர்களின் கதியும் இதை வைத்துத்தான். ஆள் வண்டியில் இருப்பவர் பயணி. கதவைத் திறந்தால் பயணி இறங்கி வீட்டுக்குப் போகலாம், அவரை யாரும் நீ செத்தவனா என்று கேட்பதில்லை. குண்டு வண்டியில் இருப்பது சரக்கு. சரக்குக்கு எண் போட்டு முனைக்கு அனுப்பி, அங்கே பீரங்கியில் திணித்துச் சுடுவார்கள். மேல்மூடி வழியாக ஏறி வந்தால் என்ன என்று புதிதாகச் சேர்பவர்கள் கேட்பதுண்டு. மேல்மூடி போருக்குப் போகிற வழி. என்னோடு வேலை பார்க்கும் கன்னியம்மா சேர்ந்த புதிதில், யாரோ ஒருவரைப் பாவம் பார்த்துக் கையைப் பிடித்து மேலே இழுத்தாள். கை மட்டும் வந்தது. மன்னிப்புக் கேட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

என் பெயர் மங்கையர்க்கரசி. பட்டறையில் அரசி என்றால்தான் தெரியும். என் கணவர் ஏகாம்பரம் முனையில் இறந்துபோனதால் கருணை அடிப்படையில் எனக்கு இந்த வேலையைக் கொடுத்தார்கள். மூன்றாம் கொட்டகையில் இருக்கும் பதினான்கு பெண்களும் கருணைதான். வெல்டிங் பிடிபட எனக்கு ஆறு மாதம் ஆயிற்று. இப்போது கதவு வைப்பதற்கு என்னை விட்டால் ஆள் இல்லை என்று கொட்டகையை மேற்பார்க்கும் எங்கள் சார்ஜ்மேன் தணிகாசலமே சொல்கிறார். அவர் ஒருத்தரைப் பாராட்டுவது வருஷத்துக்கு ஒரு முறை நடந்தால் பெரிது. இதுவரை நூற்று முப்பத்தெட்டுக் கதவு வைத்திருக்கிறேன். அதன் வழியாக இறங்கிய எவனும் என் முகத்தை நிமிர்ந்து பார்த்ததில்லை. பஸ் எங்கே நிற்கும் என்று மட்டும் கேட்பார்கள்.

செப்டம்பர் கடைசியில் 4417 வந்தது. முகப்பில் துரு ஏறியிருந்தது. நான் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

"யாரும்மா வெளிய? இன்னிக்கு இன்னா கெழமை?"

"செவ்வாய்" என்றேன். குரல் தெரிந்துவிட்டது. "நான்தாங்க" என்றேன்.



"அரசியா? நீ இங்க இன்னா பண்ற?"

"வேலை பாக்கறேன்."

"யாரு குடுத்தாங்க வேலை?"

"நீங்க செத்ததுக்குக் குடுத்தாங்க."

"பரவால்லியே" என்றார். நான் வேலைக்குப் போக வேண்டும் என்று அவர் கல்யாணமான நாளிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தவர். நான் தேய்ப்பதை நிறுத்தவில்லை. தேய்த்துக்கொண்டே அழுதேன். கண்ணில் துரு விழுந்துவிட்டது என்று நினைத்துக் கன்னியம்மா ஓடி வந்து ஊதிவிட்டாள்.

4417-இல் என் கணவர் கன்னர். குண்டு சுடுகிறவர். டிரைவர் செபஸ்தியான், நாகர்கோவில் பக்கத்துக்காரர். கமாண்டர் எப்போதும் இடுப்புவரை மூடிக்கு வெளியே நிற்பவர் என்பதால் அவருடைய கீழ்ப்பாதி மட்டும் வந்திருந்தது. அது பூட்ஸைக் கழற்றாமல் தன் இடத்தில் மரியாதையாக நின்றுகொண்டிருந்ததாம்.

மறுநாள் கேழ்வரகுக் களியும் கருவாட்டுக் குழம்பும் கொண்டுபோனேன். டிரைவர் பக்கத்து மூடி ஒரு சாண் திறக்கும். அதன் வழியாகக் கிண்ணத்தைக் கொடுத்தேன்.

"உப்பு கம்மி" என்றார் உள்ளேயிருந்து. வீட்டிலும் இதேதான். ஒன்பது வருஷத்தில் ஒரு நாள் உப்பு சரியாக இருக்கிறது என்று அந்த வாயிலிருந்து வந்ததில்லை.

"மயினி, எனக்கு உப்பு சரியாட்டு இருக்கு. அவரு சொல்லுதத நீங்க கேக்காண்டாம்" என்றார் செபஸ்தியான்.

சாப்பிட்டு முடித்ததும் என் கணவர் மகளைப் பற்றிக் கேட்டார். "பாப்பா எம்மாம் ஒசரம் இருக்கா?"

எனக்குக் கையால் காட்டத் தெரிந்தது, வாயால் சொல்லத் தெரியவில்லை. அவரால் என் கையைப் பார்க்க முடியாது. அன்று சாயங்காலம் தேன்மொழியைச் சுவரோரம் நிற்கவைத்து, உச்சந்தலையிலிருந்து குதிகால்வரை ஒரு வெள்ளைக் கயிற்றால் அளந்து, அங்கேயே அறுத்துக்கொண்டேன். மறுநாள் அதை மூடி வழியாகக் கொடுத்தேன். உள்ளே கயிறு தரையில் உரசும் சத்தம் கேட்டது.

"ஒக்காந்தா என் தலைக்கு மேல போறாளே" என்றார். அதற்குப் பிறகு அந்தக் கயிற்றை அவர் திருப்பிக் கொடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

மாதப் பிறப்பன்று இன்ஸ்பெக்‌ஷன் அதிகாரி திருஞானம் வருவார். தலைமையகத்திலிருந்து பட்டியல் வரும். அந்த மாதத்துக்கு ஆள் வண்டி எத்தனை, குண்டு வண்டி எத்தனை என்று அதில் இருக்கும். அவர் கையில் ஒரு சின்னச் சுத்தியலும் இரண்டு நிறச் சாக்பீஸும் வைத்திருப்பார். ஒவ்வொரு டாங்கியையும் சுத்தியலால் ஒரு தட்டு, காது வைத்துக் கொஞ்சம் கேட்பது, பிறகு முகப்பில் குறி. மஞ்சள் வட்டம் போட்டால் ஆள் வண்டி. வெள்ளையில் பெருக்கல் குறி போட்டால் குண்டு வண்டி. சத்தத்தில் அவருக்கு என்ன தெரிகிறது என்று யாரும் கேட்டதில்லை. குறி போட்டுவிட்டால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

அக்டோபர் பட்டியலில் ஆள் வண்டி பதினொன்று, குண்டு வண்டி நாற்பது. திருஞானம் 4417-ஐத் தட்டினார்.

"உள்ள எத்தனை பேர்?"

"ரெண்டரை, சார்" என்றார் செபஸ்தியான்.

இரண்டரை என்று எழுதிக்கொண்டார். நான் எதிர் வண்டியின் பின்னால் நின்று, கையுறையைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தேன். திருஞானம் இரண்டு சாக்பீஸையும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மஞ்சளை எடுத்து, சட்டியைக் கவிழ்த்து வரைந்த மாதிரி அழகாக ஒரு வட்டம் போட்டார்.

அன்றைக்கு எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. பூஜை முடிந்ததும் 4417-இல் கை வைக்கலாம் என்று தணிகாசலம் சொன்னார். வீட்டுக்குப் போய் அவருடைய பழுப்புச் சட்டையை எடுத்துத் துவைத்து இஸ்திரி போட்டேன். தேன்மொழியிடம், அப்பா ஆயுத பூஜை கழிந்து வருவார் என்றேன். எந்த பஸ்ஸில் என்று கேட்டாள்.

ஆயுத பூஜை எங்கள் பட்டறையில் பெரிய விசேஷம். முந்தின நாளே கட்டிங் டார்ச், கிரைண்டர், சுத்தியல், ஸ்பேனர் எல்லாவற்றையும் துடைத்து வாழையிலையில் பரப்பிவிடுவோம். அதற்குப் பிறகு எதையும் தொடக்கூடாது. வண்டிகளுக்கு மாலை, சந்தனம், குங்குமம். ஒவ்வொரு செயினுக்கு முன்னாலும் ஓர் எலுமிச்சம்பழம். மறுநாள் விஜயதசமியன்று நல்ல நேரம் பார்த்து வண்டியை ஓரடி நகர்த்திப் பழத்தை நசுக்கினால் பூஜை முடிந்தது, வேலை ஆரம்பம்.

சாக்பீஸ் குறி இருக்கும் வண்டிக்குச் சந்தனம் வைக்கும்போது ஜாக்கிரதையாக வைக்க வேண்டும். எல்லாப் பெண்களும் குறிக்குப் பக்கத்தில் சுண்டுவிரலால் ஒரு பொட்டு வைத்து நிறுத்திக்கொண்டார்கள். எனக்குக் கை நிற்கவில்லை. வண்டிக்குப் பொட்டு வைக்கிறேன் என்ற நினைப்பே இல்லை, அவருடைய நெற்றியில் வைக்கிறேன் என்றுதான் வைத்தேன். ஒரு கை நிறையச் சந்தனத்தை அள்ளி, முகப்பு முழுக்கத் தடவி, நடுவில் குங்குமத்தை அப்பினேன். தணிகாசலம் பார்த்துவிட்டு, பொட்டுன்னா இது பொட்டு என்றார். கற்பூரம் காட்டி, பூசணிக்காய் உடைத்து, பொரியும் சுண்டலும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

சந்தனம் காய்ந்தால் உதிரும். இது எனக்குத் தெரியாதா? மறுநாள் காலையில் வந்து பார்த்தபோது முகப்பு வெறும் இரும்பாக இருந்தது. கீழே சந்தனம் பாளம் பாளமாகக் கிடந்தது. எடுத்துத் திருப்பினேன். ஒவ்வொரு பாளத்தின் பின்பக்கமும் வட்டத்தின் ஒரு துண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. என் தலையில் நானே அடித்துக்கொண்டேன், அடித்ததும் போதாது.

எல்லாப் பாளங்களையும் டிபன் பாக்ஸ் மூடியில் கவிழ்த்து, வட்டம் வருகிற மாதிரி அடுக்கி, திருஞானத்திடம் கொண்டுபோனேன். அவர் விஜயதசமிப் பொரி சாப்பிட வந்திருந்தார்.

"நீங்க போட்ட வட்டம்தான் சார். பாருங்க, அப்படியே இருக்கு."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "வட்டம் நல்லா இருக்கு. ஆனா வண்டியில இல்லியேம்மா, மூடியில இல்ல இருக்கு. அப்ப இந்த மூடியைத்தான் ஆள் வண்டியா மாத்தணும்."

"வேண்டாம் சார்."

"யோசிச்சுச் சொல்லு. எனக்குப் பதினொண்ணு வரணும்."

அவர் அப்படிக் கேட்டது என் மேல் உள்ள இரக்கத்தால்தான். நான் வேண்டாம் என்றதும் கொட்டகை முழுவதும் நடந்து வட்டங்களை எண்ணினார். பத்துதான் இருந்தது. குறி போடாமல் பாக்கியிருந்த 4420-ஐத் தட்டிப் பார்த்துப் பதினொன்றாவது வட்டத்தை அதில் போட்டார். 4417-க்கு அப்புறம் வருகிறேன் என்று சொல்லிவிட்டு, கைகழுவப் போனார். அவர் பாக்கெட்டில் இனி வெள்ளைச் சாக்பீஸுக்கு மட்டும்தான் வேலை.

4420-இல் இருந்தவர் கன்னியம்மாவின் கணவர் முனிரத்தினம். அவள் ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். எனக்கு வயிறு எரிந்தது. எரியவில்லை என்று சொன்னால் பொய்.

நல்ல நேரம் பத்தரைக்கு. நான் பத்து மணிக்கு 4417-இன் செயினுக்கு முன்னால் குனிந்து, செருப்பு வார் அறுந்த மாதிரி பாவனை செய்து, இரண்டு எலுமிச்சம்பழத்தையும் எடுத்துச் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டேன்.

பத்தரைக்கு ஒவ்வொரு வண்டியாக நகர்ந்தது. செபஸ்தியானும் இஞ்சினைக் கிளப்பி ஓரடி முன்னால் வந்தார். தணிகாசலம் குனிந்து பார்த்தார். மண்டி போட்டுப் பார்த்தார். செயினில் விரலை விட்டு மோந்து பார்த்தார்.

"நசுங்கலையே" என்றார்.

பழம் நசுங்காத வண்டிக்குப் பூஜை முடியவில்லை என்று அர்த்தம். பூஜையில் இருக்கும் வண்டியின் மேல் ஆயுதம் படக்கூடாது. டார்ச் கூடாது, ஸ்பேனர் கூடாது, திருஞானத்தின் சின்னச் சுத்தியலும் கூடாது. தட்டாமல் அவரால் குறி போட முடியாது. மாற்றுப் பழம் வைப்பதென்றால் அமாவாசையன்றுதான் வைக்கலாம். அடுத்த அமாவாசை தீபாவளிக்கு, நவம்பர் இரண்டாம் தேதி. அதற்கு முந்தின நாள் புதுப் பட்டியல் வந்துவிடும். புதுப் பட்டியலில் புதிய மஞ்சள் வட்டங்கள் இருக்கும். நான் கேட்டதெல்லாம் இந்த இருபது நாள்தான்.

4417-ஐ ஓரமாக விட்டார்கள். பூஜையில் இருப்பதால் தினமும் காலையில் தணிகாசலம் ஊதுவத்தி ஏற்றி, பொரி வைத்துவிட்டுப் போவார். என் கணவர் பொரியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பொரியில் உப்பு போடுவதில்லை.

அந்த நாட்களில் ஒருமுறை அவர் தானாகவே பேசினார்.

"அரசி, நான் சுட்டதுல சில குண்டு இருமும்."

"குண்டா?"

"திணிக்கறப்ப இருமும். குளிருக்கு இரும்பு அப்படித்தான் சத்தம் போடும்னு நெனச்சேன்."

"எத்தனை இருமிச்சு?"

"எண்ணல. எண்ணிக்கினு இருந்தா சுட முடியுமா?" என்றார். பிறகு அன்றைக்கு அவர் எதுவும் கேட்கவில்லை, கிழமைகூட.

நடுவில் 4420-க்கு நான்தான் கதவு வைக்க வேண்டியிருந்தது. கீலை வைத்துப் புள்ளி வெல்டு அடிக்கும்போது, இந்தக் கதவு திறக்கவே முடியாதபடி சுற்றிலும் ஒரு வரி ஓட்டிவிட்டால் என்ன என்று நினைத்தேன். யாருக்கும் தெரியாது. முகமூடிக்குள் என் முகத்தையும் யாரும் பார்க்க முடியாது. நினைத்தேன், செய்யவில்லை. நல்ல மனசு காரணமில்லை. என் கதவு சரியாகத் திறக்கவில்லை என்று ஒருத்தர் சொல்லக் கூடாது, அவ்வளவுதான். முனிரத்தினம் அதைத் திறந்துகொண்டு இறங்கினார். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கி, பஸ் எங்கே நிற்கும் என்று கேட்டார். கன்னியம்மா, நான் கூட்டிக்கொண்டு போகிறேன் வா என்று அவர் கையைப் பிடித்தாள். இந்த முறை கையோடு ஆளும் வந்தார். கணவன் இருப்பவளுக்குக் கருணை வேலை கிடையாது என்பதால் அன்றோடு அவள் வேலை போயிற்று. சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனாள்.

பையில் எடுத்து வந்த இரண்டு எலுமிச்சம்பழத்தையும் நான் வீட்டில் நாலு நாலாக நறுக்கி ஊறுகாய் போட்டிருந்தேன். பழத்தை வீணாக்கும் பழக்கம் எனக்குக் கிடையாது. தூக்கிப் போட்டிருந்தால் எல்லாம் ஒழுங்காக முடிந்திருக்கும். அக்டோபர் முப்பதாம் தேதி திறந்து பார்த்தேன். தோல் நன்றாக ஊறி, மிளகாய் இறங்கி, வாசனை தெருவரைக்கும் போயிற்று. இந்த மனிதருக்குப் பதினெட்டு நாளாகப் பொரிதானே என்று தோன்றியது. தயிர்சாதம் பிசைந்து, எட்டுத் துண்டையும் வைத்து எடுத்துப் போனேன்.

உள்ளே சாப்பிடும் சத்தம் கேட்டது. பிறகு அவர் சொன்னார்:

"உப்பு சரியா இருக்குது."

மூடியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். திரும்பவும் சொல்லுங்கள் என்று கேட்க வெட்கமாக இருந்தது. அப்போது பார்த்து ஊதுவத்தியோடு தணிகாசலம் வந்தார். செபஸ்தியான் நல்ல மனிதர், யாரையும் பார்க்க வைத்துக்கொண்டு சாப்பிடத் தெரியாது.

"சார், நல்ல நாரங்கா ஊறுகா. ஒரு துண்டு எடுத்துக்கிடுங்க." எலுமிச்சைக்கு அவர் ஊரில் நாரங்கா என்று பெயர்.

தணிகாசலம் வாங்கி வாயில் போட்டார். மென்றார். மெல்லுவது மெதுவானது. என்னைப் பார்த்தார். செயினைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

"எத்தனை துண்டும்மா?"

"எட்டு."

"மிச்சம் ஏழும் எங்க?"

"உள்ளே சாப்ட்டாச்சு" என்றேன். பொய் சொல்ல வாய் வரவில்லை.

அவருக்குக் கோபமே வரவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. முகமெல்லாம் நிம்மதியாக, கன்னத்தில் போட்டுக்கொண்டார். "பழம் வண்டிக்குள்ளயேதான் நசுங்கியிருக்கு. பூஜை முடிஞ்சிடுச்சு. இருபது நாளா தெய்வ குத்தம் ஆயிடுமோன்னு தூக்கமே இல்ல எனக்கு" என்றார். அப்படியே ஊதுவத்தியை அணைத்துவிட்டு, திருஞானத்துக்கு ஆள் அனுப்பினார்.

திருஞானம் வந்து தட்டினார். நான் அவர் காலில் விழவில்லை, ஆனால் இரண்டு நாள் பொறுங்கள் சார் என்று அதற்குக் கொஞ்சம்தான் குறைவாகக் கேட்டேன். அவர் பொறுமையாகச் சொன்னார், என் கணவர் இறந்துவிட்டார் என்பதால்தான் நான் பட்டறையில் இருக்கிறேன், ஆகவே வண்டியில் இருப்பவருக்காக நான் பேச முடியாது. வேறு யாராவது பேசினால் கேட்கலாம். வேறு யாரும் இல்லை. வெள்ளைச் சாக்பீஸால் ஒரு கோடு, அதன் மேல் இன்னொரு கோடு.

நவம்பர் முதல் தேதி புதுப் பட்டியல் வந்தது. ஆள் வண்டி ஐம்பத்தொன்று. குண்டு வண்டி இல்லை.

எங்கள் பட்டறையின் கடைசிக் குண்டு வண்டி 4417தான். தலையை அறுத்துக் கிரேன் தூக்கியபோது வெளிச்சம் உள்ளே விழுந்தது, அப்போதுதான் அவரைப் பார்த்தேன். இளைத்திருந்தார். தாடி வளர்ந்திருந்தது. கயிற்றை விரலில் சுற்றி வைத்திருந்தார். என்னைப் பார்த்து, "வெல்டிங் கண்ணாடி போட்டா நல்லாத்தான் இருக்க" என்றார்.

நான் உள்ளே இறங்கிச் சட்டங்களை நிறுத்த வேண்டியிருந்தது. அவரைச் சுற்றித்தான் நிறுத்தினேன். துளையின் விளிம்பு தோளில் உரசாமல் இருக்க, கிரைண்டரை வைத்து நன்றாக வழவழவென்று தேய்த்தேன். அந்த அளவுக்கு வேலை தேவையில்லை என்று தணிகாசலம் மேலேயிருந்து சொன்னார். அவரைப் பேசாமல் இருக்கச் சொன்னேன்.

"எங்க போயி விழுவேன்னு தெரியல" என்றார் என் கணவர். "ஊடு இல்லாத எடமாப் பாத்து விழணும்."

"அது உங்க கையிலயா இருக்கு?"

"கன்னரு கையில இருக்குது. நான் கன்னரா இருந்தப்ப ஊடு இருக்கா இல்லியான்னு பாத்ததில்ல."

ஸ்டோரிலிருந்து வந்தவர் என் கணவர் நெஞ்சில் எண் எழுதிவிட்டு, தகட்டில் அடித்த சீட்டைக் கட்டக் கயிறு இருக்கிறதா என்று கேட்டார். அவர் கொண்டுவந்தது தீர்ந்துவிட்டதாம். என் கணவர் விரலில் இருந்ததை அவிழ்த்துக் கொடுத்தார். நான்தான் வாங்கி அவர் இடுப்பில் கட்டினேன். இரண்டு சுற்று வந்தது. வெட்டாமல், நுனியை உள்ளே செருகிவிட்டேன். அவர் கால்களைச் சேர்த்து, கைகளை ஒட்டி வைத்துக்கொண்டார். கமாண்டரின் பாதி தனக்குக் காட்டிய துளைக்குத் தானே நடந்து போயிற்று. பிறகு நான் வெளியே ஏறி, மூடியைப் போட்டேன்.

டிரைவர் எந்த வண்டியானாலும் டிரைவர்தான். செபஸ்தியான் இஞ்சினைக் கிளப்பினார். "நான் பள்ளம் மேடு பாத்து கொண்டு போறேன் மயினி. குலுங்காது" என்றார். ரயில் தளம்வரை கூட நடந்தேன். நிஜமாகவே குலுங்கவில்லை. வீட்டுக்கு வந்து பழுப்புச் சட்டையைப் பெட்டியில் மடித்து வைத்தேன். அந்த மாதம் முழுக்க நான் ஐம்பத்தொரு கதவு வைத்தேன்.

பொங்கல் கழிந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து. தணிக்கை அலுவலகத்தில் பிரித்து, தமிழில் டைப் அடித்து, மூலத்தையும் சேர்த்தே அனுப்பியிருந்தார்கள்.

"அம்மா, சென்ற மாதம் பதினேழாம் தேதி காலை உங்கள் கணவர் எங்கள் அடுக்களைக் கூரையைப் பொத்துக்கொண்டு வந்து விழுந்தார். அவருக்கு முன்னும் பின்னும் வந்தவர்கள் வெடித்துவிட்டார்கள். எங்கள் தெருவில் இப்போது ஏழு வீடுகள் இல்லை. உங்கள் கணவர் விழுந்தபோது என் மகள் அடுப்பருகில் நின்றிருந்தாள். வெடிக்கப்போகிறேன், வெளியே போங்கள் என்று அவர் சொன்னார். பிறகு அவளைப் பார்த்துவிட்டு, ஒரு நிமிடம் என்று இடுப்பிலிருந்து கயிற்றை அவிழ்த்து அவளை அளந்தார். சரியாக இருந்தது. இந்த உயரத்தில் ஒருத்தி நிற்கும்போது வெடிப்பது தன்னால் ஆகாது என்கிறார். அன்றிலிருந்து அடுக்களையில்தான் நிற்கிறார். தினமும் காலையில் அவளை அளந்து பார்க்கிறார். சமையலில் உப்பு போதவில்லை என்கிறார். எங்கள் கவலை வேறு. மகளுக்கு வளரும் வயது. இந்த வாரம் கயிறு அவள் உச்சந்தலையை எட்டவில்லை, அரை விரற்கடை குறைகிறது. இனி என்ன செய்வீர்கள் என்று கேட்டோம். என் மனைவியைத்தான் கேட்க வேண்டும் என்று உங்கள் முகவரியைக் கொடுத்தார். தயவுசெய்து சீக்கிரம் பதில் போடவும்."

அரை நாள் லீவு சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். தேன்மொழியைச் சுவரோரம் நிற்கவைத்தேன். எதற்கு என்று கேட்டாள். நேராக நில் என்றேன். ஒரு விரற்கடைக்குக் கொஞ்சம் மேலே வளர்ந்திருந்தாள். புதுக் கயிற்றை உச்சந்தலையிலிருந்து பிடித்து, குதிகாலுக்குக் கீழே இன்னும் நான்கு விரற்கடை விட்டு அறுத்தேன். இந்தக் கயிறு பங்குனிவரை தாங்கும், அதற்குள் அடுத்தது வரும், உப்பை நீங்கள் கண்டுகொள்ள வேண்டாம் என்று எழுதிக் கயிற்றோடு உறையில் போட்டேன்.

தபால் நிலையத்தில் உறையை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, உள்ளே வெடிபொருள் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார்கள். இல்லை, அது அங்கேயே இருக்கிறது என்றேன். அப்படியே எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போட்டுவிட்டு, மதியச் சங்குக்குள் பட்டறைக்குத் திரும்பினேன்.